சிக்குவது துப்பாக்கி இல்லை, மேகசின்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் புதிதாக ரைபிள் சுடப் பழகுபவர்களுக்காக ஒரு பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். யாராவது பதக்கம் வாங்கினால்தான் பத்திரிகைகளுக்கு எங்கள் விளையாட்டு ஞாபகத்துக்கு வரும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது நல்ல ஆச்சரியம்தான், எழுதியவருக்கு நன்றி. ஆனால் துப்பாக்கிக்குத் தோட்டாவை ஒவ்வொன்றாக ஊட்டும் பகுதியான மேகசின் பற்றி அதில் இருந்தது இரண்டே வரி, அந்த இரண்டு வரியும் தப்பு. மேகசின் என்பது தோட்டாவைப் போட்டு வைக்கும் வெறும் டப்பா, அதை நிரப்ப உதவும் கருவியான லோடர் ஒன்று வாங்கிவிட்டால் நேரம் மிச்சம் என்பது ஒன்று. மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்பது இன்னொன்று.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது ஆளையே கொல்லக்கூடிய தப்பு. மேகசின் வெளியே வந்த பிறகும் சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா வெடிக்கும் அறைக்குள், ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம், அது அங்கே இருப்பது மேகசினுக்குத் தெரியாது. காலி செய்வதில் வரிசையும் முக்கியம். மேகசினை முதலில் கழற்ற வேண்டும், அப்புறம்தான் போல்ட்டை (தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளி மூடும் பகுதி) திறந்து சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றி, மேகசின் உள்ளே இருக்கும்போதே போல்ட்டை இழுத்து மூடினால், உள்ளே இருந்த தோட்டா வெளியே விழும், அதே மூச்சில் அடுத்தது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே விழுந்ததைப் பார்த்துவிட்டு 'சரி, காலி' என்று நினைப்பவரைத்தான் ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடத்தில்) எல்லாரும் பயந்து பார்ப்பார்கள். தயவுசெய்து இதற்கு மட்டுமாவது ஒரு திருத்தம் போடுங்கள்.

இனி அந்த 'டப்பா' விஷயம். நான் பாயின்ட் 22, அதாவது 0.22 அங்குலச் சின்னத் தோட்டா சுடுகிறவன். பதக்கம் எதுவும் வாங்கியதில்லை, வார இறுதியில் அட்டையில் ஓட்டை போடுவதோடு சரி. ஆனால் மேகசினால் நான் பட்ட பாடு கொஞ்சம் நஞ்சமில்லை. ரைபிள் வாங்கிய முதல் வருஷம் பத்துத் தோட்டாவைத் தொடர்ந்து சுட்டு முடித்த நாளே அபூர்வம். மூன்றாவதோ நாலாவதோ பாதி வழியில் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், போல்ட் அதன் மேல் வந்து மோதும், ஈயக் குண்டு வளைந்துபோகும். துப்பாக்கிதான் கோளாறு என்று முடிவு கட்டி, போல்ட்டைப் பிரித்துத் துடைத்தேன், குழலைத் துடைத்தேன், வெற்று உறையை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரை மாற்றினேன், கடைசியில் விற்றுவிடலாமா என்று கூட யோசித்தேன்.

ரேஞ்சில் ரொம்ப நாளாகச் சுடும் அண்ணன் ஒருவர், பேசுவதே குறைவு, ஒருநாள் என் பக்கத்து மேசையில் இருந்தார். மூன்றாவது தடவை நான் முணுமுணுத்ததும் எழுந்து வந்து, என் பையில் இருந்த ஐந்து மேகசினையும் வரிசையாக வைத்து, ஒரு துண்டு வெள்ளை டேப்பைக் கிழித்து ஒவ்வொன்றிலும் ஒட்டி, 1 முதல் 5 வரை எண் எழுதினார். "தம்பி, இனிமே சிக்கினா துப்பாக்கியைத் திட்டாதீங்க, நம்பரைக் குறிச்சு வைங்க" என்றார். அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் என் நோட்டைப் பார்த்தால் சிக்கியது எல்லாம் மூன்றாம் எண். மற்ற நாலும் ஒரு தடவைகூடத் தகராறு பண்ணவில்லை. ஒரு வருஷம் முழுக்க நான் துடைத்துத் துடைத்துத் தேய்த்தது எதை என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அந்த மூன்றாம் எண்ணை வெளிச்சத்தில் வைத்து நல்ல ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மேலே தோட்டாவைப் பிடித்திருக்கும் இரண்டு உதடுகளில் இடது பக்கத்து உதடு ஒரு மயிரிழை வெளியே விரிந்திருந்தது. எப்போதோ சிமெண்ட் தரையில் விழுந்திருக்க வேண்டும். அதனால் தோட்டா சீக்கிரமே பிடியிலிருந்து நழுவி, போல்ட் முழுசாகத் தள்ளுவதற்குள் மூக்கைத் தூக்கிவிடுகிறது. ஒரு மயிரிழை, அதற்கு ஒரு வருஷம்.

பாயின்ட் 22 ஏன் இவ்வளவு நுணுக்கம் பார்க்கிறது என்று கேட்டால், தோட்டாவின் பிறப்பு அப்படி. மற்றப் பெரும்பாலான துப்பாக்கித் தோட்டாக்களில் தீப்பற்றும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் இருக்கும். இதில் அந்த மருந்து அடியைச் சுற்றியிருக்கும் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது, ரிம்ஃபயர் என்ற பெயரே அதனால்தான். பிரான்சில் ஃப்ளோபேர் என்பவர் 1845ல் ஆரம்பித்து வைத்த யோசனை, 1857ல் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் அதை பாயின்ட் 22 ஷார்ட் என்ற தோட்டாவாக ஆக்கியது, நாம் இன்று சுடும் லாங் ரைபிள் என்ற தோட்டா 1887ல் வந்தது. அதாவது மேகசின் போட்ட அரைத் தானியங்கி ரைபிள் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) என்ற ஒன்றே கடையில் இல்லாத காலத்துத் தோட்டா. மேகசினில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்போகிறார்கள் என்று யாரும் அப்போது யோசித்து அந்த விளிம்பை வைக்கவில்லை.

அந்த விளிம்பின் அகலம் சுமார் 7.1 மில்லிமீட்டர், தோட்டாவின் உடம்போ 5.7தான். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும்போது பின்பக்கம் தடிப்பாகவும் முன்பக்கம் ஒல்லியாகவும் இருப்பதால் அடுக்கு தானாக வளைந்துகொண்டே போகும். இருபத்தைந்து தோட்டா மேகசின் வாழைப்பழம் மாதிரி வளைந்திருப்பது இதனால்தான், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று யாரும் வளைக்கவில்லை. அடுத்து, மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். அப்போதுதான் போல்ட் தள்ளும்போது தடையில்லாமல் வழுக்கிப் போகும். மேலே உள்ளது பின்னால் போய் உட்கார்ந்துவிட்டால் கீழே உள்ளதன் விளிம்பு கொக்கி மாதிரி அதைப் பிடித்து இழுக்கும். நீங்கள் என்ன தட்டினாலும் போகாது. இதற்கு ரேஞ்சில் ரிம் லாக் என்று பெயர். புதிதாக வருபவர்கள் சந்திக்கும் சிக்கலில் பெரும்பாலானவை இதுதான் என்று என் அனுபவத்தில் சொல்வேன், இது ஏற்படுவதோ சுடும்போது இல்லை, பத்து நிமிஷத்துக்கு முன்னால் மேசையில் உட்கார்ந்து அவசர அவசரமாக நிரப்பும்போது.

இன்னொரு கஷ்டம், குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம், மேலே மெழுகு பூச்சு. பின்பக்கம் கொஞ்சம் ஒல்லியாக்கி உறைக்குள் செருகி லேசாகப் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான் கெட்டி. ஐம்பது தோட்டா நிரப்பினால் கட்டைவிரல் கருத்துப் பிசுபிசுக்கும் (கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள், அது ஈயம்), அந்தப் பிசுக்குதான் மேகசினுக்குள்ளும் சேருகிறது. தோட்டா மேலே ஏறும் வேகம் குறைகிறது. பெரும்பாலான அரைத் தானியங்கி பாயின்ட் 22 வெடிக்கும் உறையின் உதையில் போல்ட் பின்னால் போய்த் திரும்புவதை நம்பித்தான் வேலை செய்கிறது, இந்தத் தோட்டாவின் உதையோ சின்னது. அதனால் சின்ன உராய்வுக்கும் அது சோர்ந்துவிடும். மேகசின் நிறைய நிறைய இருந்தால் மேலே உள்ள தோட்டா போல்ட்டின் வயிற்றில் அழுத்தும், முதல் தோட்டாவே சரியாக ஏறாது. பத்துக்கு ஒன்பது போடுங்கள் என்று மூத்தவர்கள் சொல்வது பயத்தில் இல்லை.

சரி, மேகசின் வகைகள். ரூகர் 10/22 என்ற பாயின்ட் 22 ரைபிள் வந்தது 1964ல், அதனுடைய பத்துத் தோட்டா மேகசின் பெட்டி அடுக்கு இல்லை, உள்ளே ஒரு சக்கரம். ஒவ்வொரு தோட்டாவுக்கும் அந்தச் சக்கரத்தில் தனித் தனிப் பள்ளம், ஒன்றின் விளிம்பு இன்னொன்றோடு உரசவே முடியாது. அறுபது வருஷமாக அது ஓடுவதற்கு இந்த ஒரு யோசனைதான் காரணம் என்பது என் கட்சி. ஆனால் அதைச் சுத்தம் செய்கிறேன் என்று நான் ஒருநாள் பிரித்த கதையைச் சொல்லியாக வேண்டும். முன்னால் உள்ள திருகைக் கழற்றி மூடியைத் தூக்கினேன், உள்ளே இறுகச் சுற்றி வைத்திருந்த ஸ்பிரிங் 'சர்ர்' என்று அவிழ்ந்து போய்விட்டது. எத்தனை சுற்று இறுக்கி வைத்திருந்தார்கள் என்று எண்ணி வைக்கவில்லை. மறுபடி சேர்க்கும்போது குறைவாகச் சுற்றினால் கடைசி இரண்டு தோட்டா மேலே வரவில்லை, கூடச் சுற்றினால் முதல் தோட்டா ஏறவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க அந்த ஒரு திருகோடு உட்கார்ந்திருந்தேன். பிரிப்பதற்கு முன் சுற்றை எண்ணுங்கள், இல்லையென்றால் பிரிக்காதீர்கள். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினாலே பாதி அழுக்கு வந்துவிடும். எண்ணெய் மட்டும் தெளிக்கவே கூடாது, தூசியும் மெழுகும் சேர்ந்து பசையாகிவிடும், தோட்டாவுக்குள் கசிந்தால் அது வெடிக்காமலும் போகலாம்.

அப்புறம் குழாய் மேகசின், குழலுக்குக் கீழே ஓடும் நீண்ட குழாய். இதைக் குறைத்துப் பேசுபவர்கள் உண்டு, எனக்குப் பிடிக்கும். தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருப்பதால் ரிம் லாக் என்ற பேச்சே இல்லை. ஒன்றின் மூக்கு முன்னால் உள்ளதன் அடி நடுவில்தான் தொடுகிறது, மருந்து நடுவில் இல்லாததால் பயமும் இல்லை. 1860ல் வந்த ஹென்றி ரைபிளே ரிம்ஃபயர் தோட்டாவைக் குழாயில் போட்டுத்தான் பதினாறு வைத்திருந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: குழாயைக் கவிழ்த்துக் கொட்டியதும் காலி என்று நம்பாதீர்கள், தோட்டாவைச் சேம்பர் பக்கம் தூக்கிவிடும் தட்டில் ஒன்று ஒளிந்திருக்கும். நெம்புகோலையோ போல்ட்டையோ பல தடவை இயக்கி, உள்ளே எட்டிப் பாருங்கள்.

இனி லோடர்கள். கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்த பிறகு நானும் ஆசைப்பட்டு ஒன்றொன்றாக வாங்கிப் பார்த்தேன். ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும், கருவி மேல் ஆசைப்பட்ட மனுஷனுக்கு இழுப்பறை போதாது.

முதலில் வாங்கியது மேகசின் பக்கத்தில் நீண்டிருக்கும் குமிழைக் கீழே இழுத்துப் பிடிக்கும் சின்னப் பிளாஸ்டிக் கை. விரலுக்கு நிஜமாகவே சுகம். ஆனால் அந்தச் சுகத்தில்தான் ஆபத்து. ஸ்பிரிங்கை அடிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு மேலே இருந்து தோட்டாக்களைச் சடசடவென்று கொட்டினேன், இருபது நொடியில் நிறைந்துவிட்டது, கையை விட்டேன், 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம்தான் உள்ளே விளிம்புகள் தாறுமாறாக மாட்டிக்கொண்ட சத்தம் என்று பிறகு புரிந்தது. குமிழை ஒரு தோட்டாவின் தடிப்பு அளவுக்கு மட்டும் இறக்க வேண்டும், ஒன்றைச் செருக வேண்டும், அது தலையைச் சாய்க்காமல் படுத்ததா என்று பார்க்க வேண்டும், அப்புறம் அடுத்தது. இப்படிச் செய்தால் அருமையான கருவி. ஆனால் இப்படிச் செய்தால் வெறும் கையால் ஆகும் நேரம்தான் ஆகும், அதனால் நேரம் மிச்சம் என்ற உங்கள் கட்டுரையாளரின் வாதம் இங்கே படுத்துவிடுகிறது. மிச்சமாவது நகம்.

இரண்டாவது, பெட்டி மாதிரி இருக்கும். தோட்டாக்களை அப்படியே கொட்டிக் குலுக்கினால் ஒவ்வொன்றும் அடியில் உள்ள நீளப் பிளவில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கும், வரிசையாக வந்து நிற்கும், ஒரு அழுத்தில் ஒன்று மேகசினுக்குள். அந்தத் தொங்கும் காட்சியை முதல் தடவை பார்த்தபோது சின்னப் பிள்ளை மாதிரி நாலு தடவை கொட்டிக் குலுக்கினேன். இத்தனை தொல்லை கொடுக்கும் விளிம்பே இங்கே உதவிக்கு வருகிறது பாருங்கள். மெழுகு குறைவான, மேலே செம்புப் பூச்சு போட்ட தோட்டாவுக்கு நன்றாக ஓடியது. மெழுகு தடவிய ஈயக் குண்டு போட்டால் முந்நூறு தோட்டாவுக்குள் பிளவில் சுரண்டல் சேர்ந்து நிற்க ஆரம்பித்தது. மேகசினில் சேர வேண்டிய அழுக்கு இப்போது லோடரில். அதைத் துடைக்கும் நேரத்தில் இரண்டு மேகசின் கையால் நிரப்பிவிடலாம். சிக்கினால் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ நெம்பாதீர்கள், மருந்து இருப்பது அந்த விளிம்பில் என்பதை மறந்துவிட வேண்டாம்.

மூன்றாவது, குழாய் மேகசினுக்கான நிரப்புக் குழாய்கள். முன்கூட்டியே நிரப்பி வைத்து, வாயில் விரல் வைத்து, சாய்த்து விட்டால் முடிந்தது. இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. இந்த யோசனைக்கு வயது நூற்றறுபது என்பதுதான் எனக்கு வேடிக்கை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஓடிய ஸ்பென்சர் ரைபிளுக்கு, ஏழு ஏழாகத் தோட்டா நிரப்பிய குழாய்களைத் தோல் பெட்டியில் சுமக்கும் பிளேக்ஸ்லீ பெட்டிக்கு 1864லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். நாம் இன்று பிளாஸ்டிக்கில் செய்து விற்கிறோம்.

இரண்டு மேகசினை முதுகோடு முதுகாகச் சேர்க்கும் இணைப்பியும் வாங்கினேன். கீழே தொங்கும் மேகசின் வாய் மண்ணைப் பார்த்தபடி இருக்கும், படுத்துச் சுட்டால் மண்ணை அள்ளும். அடுத்த பேச்சு வேண்டாம்.

கடைசியாக வாங்கியது விலையிலும் உருவத்திலும் இவை எல்லாவற்றையும்விடச் சின்னது, மேகசின் இடத்தில் பொருந்தும் வெறும் பிளாஸ்டிக் கட்டை. ஸ்பிரிங் இல்லை, உதடு இல்லை, மேலே ஒரு வழுக்குப் பள்ளம் மட்டும். ஒரு தோட்டாவை அதில் வைத்து போல்ட்டைத் தள்ளினால் நேராகச் சேம்பருக்குள் போகும். இன்றைக்கு என் துப்பாக்கியில் பாதி நேரம் இருப்பது இதுதான். ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் சுடுபவர்கள் ஒவ்வொன்றாகத்தான் போட்டுச் சுடுகிறார்கள், அவர்களுக்கு மேகசினே கிடையாது. ஒவ்வொரு தோட்டாவையும் கையில் எடுக்கும் அந்த இடைவெளியில் மூச்சு அடங்குகிறது, போன குண்டு ஏன் இடது பக்கம் போனது என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது. நிமிஷத்துக்கு எத்தனை சுட்டேன் என்பதில் இருந்த ஆசை எனக்கு இந்தக் கட்டை வந்த பிறகுதான் போனது.

வேகம் தேவைப்படும் இடமே இல்லையா என்றால் உண்டு. 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் ஐந்து குண்டை 8 நொடி, 6 நொடி, 4 நொடி என்று சுட வேண்டும், அங்கே மேகசின் சிக்கினால் அழுகைதான். பனிச்சறுக்கோடு சேர்ந்த பயத்லான் போட்டியில் ஐந்து ஐந்தாக நிரப்பிய மேகசின்களைத் துப்பாக்கிக் கட்டையிலேயே செருகிக்கொண்டு ஓடுகிறார்கள். 1978ல்தான் அந்த விளையாட்டு பெரிய தோட்டாவிலிருந்து பாயின்ட் 22க்கு மாறியது. ஆனால் அங்கேயும் பாருங்கள், தொடர் ஓட்டத்தில் ஐந்து குண்டில் ஐந்து இலக்கும் விழாவிட்டால் கூடுதலாகக் கொடுக்கும் மூன்றையும் உறைந்த விரலால் ஒவ்வொன்றாகக் கையால்தான் போட வேண்டும், அதற்கு எந்த லோடரும் இல்லை. அந்த நேரத்தில் அவர்கள் விரலை மட்டும் கேமராவில் காட்டினால் நான் மணிக்கணக்காகப் பார்ப்பேன்.

உங்கள் வாசகர்களில் யாராவது இப்போது துப்பாக்கி சிக்குகிறது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தால், புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் அந்த அண்ணன் செய்ததைச் செய்யுங்கள். எண் போடுங்கள். ஒரே பெட்டித் தோட்டாவை எல்லா மேகசினிலும் கையால் நிரப்பி, ரேஞ்சில் சுட்டுப் பார்த்துக் குறியுங்கள். சிக்கல் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு வந்தால் மேகசின். எல்லா எண்ணிலும் வந்தால் துப்பாக்கியின் எக்ஸ்ட்ராக்டரோ சேம்பரோ. தோட்டாப் பெட்டியை மாற்றியதும் காணாமல் போனால் தோட்டா. அப்புறம்தான் லோடரைக் கொண்டுவந்து அதே மேகசினை மறுபடி ஓட்ட வேண்டும், கையால் நிரப்பியபோது ஓடியது லோடரில் நிரப்பினால் சிக்குகிறது என்றால் பதில் கையிலேயே இருக்கிறது. இந்தச் சோதனையை நிஜத் தோட்டாவோடு வீட்டு மேசையில் செய்யாதீர்கள். வீட்டில் பழக வேண்டுமென்றால் மருந்தில்லாத போலித் தோட்டா கிடைக்கிறது, பிளாஸ்டிக் என்பதால் விளிம்பு சீக்கிரம் பிய்ந்துபோகும், அவ்வளவுதான் அதன் குறை. மூக்கு வளைந்த தோட்டாவை மட்டும் நிமிர்த்திச் சுடும் சாமர்த்தியம் வேண்டாம், தனியாக எடுத்து வைத்து ரேஞ்சிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.

அந்த மூன்றாம் எண் மேகசினை நான் தூக்கிப் போடவில்லை. சிவப்பு டேப் சுற்றி இன்னும் பையில் வைத்திருக்கிறேன். ரேஞ்சுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சிக்கலை எடுக்கச் சொல்லிக்கொடுக்க அதைவிட நம்பகமான மேகசின் எனக்குக் கிடைக்கவில்லை, நாலாவது தோட்டாவில் தவறாமல் மாட்டும்.

இப்படிக்கு,
கட்டைவிரல் நகம் இன்னும் முழுசாக வளராத ஒரு வாசகர்